கயிற்றோரம் நான் ஊதிய விசில்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியம்தான் என்று ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துகொண்டேன், ஆனாலும் தாளில் எழுதிக் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கிறது. போனில் நான் பேசுவதெல்லாம் ஒரு பேச்சா, சாப்பிட்டியா, குட்டி தூங்கிட்டாளா, இரு அம்மாகிட்ட தரேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாட்டு. அப்பா திடீரென்று கடிதம் எழுதுகிறாரே என்று பதறாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை, பிரஷர் மாத்திரையை நான் விழுங்குவதை உன் அம்மா எதிரில் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறாள். குட்டி கேட்ட போட்டோ விஷயமாகத்தான் எழுதுகிறேன். வகுப்பில் எழுந்து நின்று, எங்க தாத்தா பறவைக்குக் காவல் இருக்கிறார் என்று சொல்லப்போகிறாளாம், அதற்குத் தாத்தா கயிற்றுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற படம் வேண்டுமாம். அந்தப் படத்தை என்னால் இப்போது அனுப்ப முடியாது. ஏன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் உன்னிடம் நான் இருபத்து மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிற இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஒரு மன்னிப்பு. நேராக விஷயத்துக்கு வருகிற தைரியம் எனக்கு இல்லை, எல்லா ஸ்டாப்பிலும் நின்று நின்றுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மாவின் முழங்கால் முன்பைவிடப் பரவாயில்லை, பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சியைக் காலையில் செய்கிறாள், அதாவது நான் பார்க்கும்போது செய்கிறாள். மாடி வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டி இன்னமும் ஒழுகுகிறது, நம் குளியலறைச் சுவரில் ஒரு பெரிய ஈரக்கறை, அதைக் காட்டினால் அவர் ஏதோ நல்ல ஓவியத்தைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போகிறார். உன் தம்பிக்கு வேலை இடம் மாறியிருக்கிறது, இப்போது ஆபீசுக்கு நடந்தே போய்விடலாமாம், அதனால் முன்பைவிட லேட்டாகப் போகிறான். அவன் வாயைத் திறந்தால் உன்னைப் பற்றித்தான் பேசுகிறான், நேரில் பார்த்தால் இரண்டு பேரும் அடித்துக்கொள்வீர்கள், அது வேறு விஷயம். நீ அனுப்பிய செருப்பு உன் அம்மாவுக்குச் சரியாக இருக்கிறது. புதுசு கெட்டுவிடும் என்று பெட்டியிலேயே வைத்திருக்கிறாள்.

நான் கடற்கரைப் பறவைக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்த கதையை உன் அம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பாள். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் நான் அடுக்களை டப்பாக்களை எல்லாம் உயர வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டினேன். முப்பத்திரண்டு வருடம் கண்டக்டர் வேலை பார்த்தவனுக்கு நம்பர் இல்லாமல் எதுவும் நகராது. சர்க்கரை எங்கே என்று அவள் கேட்டால் பதினான்கு என்று சொல்வேன். ஒரு நாள் கரண்டியை அடுப்பு மேடையில் டொக்கென்று வைத்துவிட்டு, நீங்க தினமும் எங்கயாவது போய்ட்டு வாங்க, எங்க வேணா போங்க, எனக்குக் கொஞ்சம் மூச்சு விடணும் என்றாள். நூலகத்துச் சுவரில் கடற்கரைக் காப்பகத்துக்கு வாலண்டியர் தேவை என்று ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தவளும் அவள்தான். இப்போது கேட்டால் நான் ஏதோ கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனதுபோலச் சொல்கிறாள். ஆனால் ஒன்று சொல்கிறேன், ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன செய்வது என்று கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நாட்கள் அதோடு போய்விட்டன. நான் சந்தோஷமாக இருக்கிறேன் மகளே, அதை முதலில் தெரிந்துகொண்டு மேலே படி.

காப்பக ஆபீஸ் என்பது தகரக் கூரை போட்ட இரண்டு அறை. முன்னறையில் ஒரு மின்விசிறி, கையெழுத்துப் போட ஒரு நோட்டு, சுவரில் கடல் ஏறும் நேரமும் வடியும் நேரமும் போட்ட பெரிய அட்டை. அந்த அட்டையைப் பார்த்த முதல் நாளே எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. எங்கள் டிப்போ டைம் டேபிள் சொன்ன நேரத்துக்கு நடந்ததே இல்லை, இந்தக் கடல் என்னடா என்றால் நிமிஷம் தப்பாமல் வருகிறது, போகிறது. பின்னறை முழுக்க ரப்பர் பூட்ஸ். வாசலில் செருப்பை விட்டுவிட்டு பூட்ஸை மாட்டுமுன் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், உள்ளே நண்டு குடியிருக்கும். நான் ஒரே ஒரு நாள் தட்ட மறந்தேன், அதற்குப் பிறகு மறந்ததில்லை. காலையில் ஒரு நடை கடற்கரை முழுக்க நடந்து மீன் வலைத் துண்டு, தூண்டில் நரம்பு, பாட்டில் மூடி எல்லாம் பொறுக்குவோம். அலை ஒதுக்கிய கடல் பாசியை மட்டும் தொடக்கூடாது, அதில்தான் பறவைக்கு வேண்டிய பூச்சி இருக்கிறதாம். அதற்குப் பிறகு ஆளாளுக்கு வேலை. ஒருவர் அலையாத்தி நாற்றங்காலுக்கு, ஒருவர் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்ட, ஒருவர் கயிற்றுக்கு. எல்லோரையும் மேய்ப்பது ரேஞ்சர் பெண், உன் வயதுதான் இருக்கும், வெயிலில் கறுத்து, குரலை உயர்த்தாமலே எல்லோரையும் வேலை வாங்குவாள். எதைச் சொன்னாலும் நான் ரைட் என்று சொல்வதால் என் பெயர் அங்கே ரைட் சார். நோட்டில்கூட அப்படித்தான் எழுதுகிறார்கள்.

கயிறு என்றால் என்ன என்று குட்டிக்குச் சொல்லிக்கொடு. உப்புக்கொத்தி என்று ஒரு பறவை, என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், மணல் நிறம், காலில் சக்கரம் கட்டிவிட்ட மாதிரி அப்படி ஒரு ஓட்டம். கூடு கட்ட அதற்குப் பொறுமை கிடையாது. வெறும் மணலில் நெஞ்சால் ஒரு சின்னப் பள்ளம் தேய்த்து, நாலு சிப்பித் துண்டைப் போட்டு, அதில் முட்டை இட்டுவிடும். மண்ணுக்கும் முட்டைக்கும் வித்தியாசமே தெரியாது, மிதித்த பிறகுதான் மிதித்தோம் என்று தெரியும். அதனால் கூட்டைச் சுற்றி நூறு அடிக்குக் கம்பு நட்டு நீலக் கயிறு கட்டி, ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை, ஒரு பைனாகுலர், நடப்பதைக் குறித்து வைக்க ஒரு தாள். நாற்காலியில் உட்காருகிறவர் வருகிறவர்களைப் பக்கவாட்டில் அனுப்ப வேண்டும். இதைவிட எனக்குப் பொருத்தமான வேலை உலகத்தில் உண்டா, ஓரமா போங்க, ஓரமா போங்க, முன்னாடி நிக்காதீங்க, உள்ள நகருங்க என்று வாழ்க்கை முழுக்கச் சொன்னவன் நான். இந்தப் பருவத்தில் மற்ற கூடுகள் எல்லாம் காக்கைக்கும் கடலுக்கும் போய்விட்டன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கூடு, மூன்று முட்டை. அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள்.

இரண்டாம் நாளே நான் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். பறவை ஒன்று இறக்கையை மணலில் இழுத்துக்கொண்டு, விழுந்து, எழுந்து, நொண்டி நொண்டிப் போகிறது. அடப்பாவமே அடிபட்டுவிட்டதே என்று நான் அதன் பின்னாலேயே துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். இருநூறு அடி தள்ளிப் போனதும் அது சர்ரென்று பறந்து போய்விட்டது. கூட்டை விட்டு என்னைத் தள்ளிக் கூட்டிப்போக நாடகம் போட்டிருக்கிறது. ஊரில் இல்லாத சாக்கெல்லாம் சொல்லும் பயணிகளைப் பார்த்தவன் நான், நொண்டி, மயக்கம், சில்லறை விழுந்துவிட்டது எல்லாம் பார்த்தவன், என்னையே அந்தச் சுண்டைக்காய் ஏமாற்றிவிட்டது. அதற்குப் பிறகு அதன் மேல் எனக்குத் தனி மரியாதை. ஆணும் பெண்ணும் முறை வைத்து முட்டையில் உட்காரும், ஷிப்ட் மாற்றும்போது ஒன்று மற்றதை ஒரு நிமிஷம் காக்க வைக்காது. மத்தியான வெயிலில் அடை காப்பது இல்லை, நிழல் கொடுப்பதுதான் வேலை. மணல் அப்படிக் கொதிக்கும். பறவை ஓடிப்போய் அலையில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் நிற்கும், அந்த ஈரத்தில்தான் முட்டை வேகாமல் இருக்கும். மத்தியானம் பறவையைக் கூட்டை விட்டுக் கிளப்பினால் பத்து நிமிஷத்தில் முட்டை போய்விடும் என்று ரேஞ்சர் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள். நாயும் விசிலும் ரேடியோவும் கூடாது என்று கயிற்றுப் பக்கத்துப் போர்டிலேயே எழுதியிருந்தது. அந்தப் போர்டை ஒவ்வொரு நாளும் துடைத்து வைத்தவன் நான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அன்று ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள், கூட அவர்களுடைய பி.டி. மாஸ்டர், கழுத்தில் விசில் தொங்க. வாலண்டியரில் ஒருவர் ஓய்வு பெற்ற பல் டாக்டரம்மா, அவர்தான் பிள்ளைகளுக்கு நண்டைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார், என்னிடமிருந்து நல்ல தூரத்தில். சரியாக உச்சி வெயில். எங்கிருந்தோ வந்த ஒரு ஆள், கையில் பெரிய கேமரா, கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே காலை வைத்தார். எழுந்து போய் நாலு வார்த்தை மெதுவாகச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் என் கை என்னைக் கேட்கவில்லை. பழைய யூனிபார்ம் விசில், பழக்க தோஷத்தில் இன்னமும் சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன், அது வாய்க்கு வந்ததே எனக்குத் தெரியாது, அழுத்தமாக ஒரு விசில், வண்டியை நிறுத்தும்போது கொடுப்பேனே அதேபோல். கேமரா ஆள் அப்படியே நின்றார், அது நடந்தது, பிறகு வந்த வழியே நழுவிப் போய்விட்டார். கூடவே கடற்கரையில் இருந்த அத்தனை பறவையும் எழுந்தது. என் உப்புக்கொத்தியும் எழுந்தது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. விசில் கேட்டால் ஓடிவந்து வரிசையில் நிற்கப் பழகிய பிள்ளைகள் அவர்கள், தங்கள் மாஸ்டர்தான் ஊதிவிட்டார் என்று நாற்பது பேரும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அவரிடம் கயிற்றை ஒட்டி விழுந்தடித்து ஓடினார்கள். மாஸ்டர் என்ன ஏது என்று புரியாமல் அவர்களைச் சேர்த்து வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் குடைக்குக் கீழ் நின்று வாட்சைப் பார்த்தேன். பறவை திரும்பி வரப் பதினொரு நிமிஷம் ஆனது.

விசில் சத்தம் கேட்டு நாற்றங்காலிலிருந்து ரேஞ்சர் பெண் ஓடி வந்து சேர்ந்தபோது வேன் போயிருந்தது. யார் ஊதினது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பல் டாக்டரம்மா, ஸ்கூல் மாஸ்டர் கழுத்துலதாம்மா விசில் இருந்துச்சு, பசங்களும் அவர்கிட்டதான் ஓடினாங்க என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னார். ரேஞ்சர் என் பக்கம் திரும்பி, நீங்க பாத்தீங்களா சார் என்றாள். வெயில்ல சரியா தெரியலம்மா என்றேன். மகளே, இதை எழுதும்போதே கை கூசுகிறது. அதோடு விடவில்லை, தாளில் தொந்தரவு என்ற இடத்தில் விசில் என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் தெரியவில்லை என்று என் கையாலேயே எழுதினேன். முப்பத்திரண்டு வருட சர்வீசில் டிரிப் ஷீட்டில் ஒரு எழுத்துப் பொய்யாக எழுதாதவன், எத்தனை செக்கர் ஏறினாலும் நெஞ்சை நிமிர்த்தி நின்றவன், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போய்விடுமே என்று பயந்து எழுதினேன். அன்று மாலையே ரேஞ்சர் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிவிட்டாள், இந்த வருடம் இனி உங்கள் பிள்ளைகளை அழைத்துவர வேண்டாம் என்று. அடுத்த வாரம் வர இருந்த இன்னொரு வகுப்புக்கும் சேர்த்துக் கதவு சாத்தியாயிற்று.

நாலு நாள் நான் வீட்டில் இதைச் சொல்லவில்லை. உன் அம்மா எப்படிக் கண்டுபிடித்தாள் தெரியுமா, ஒரு நாள் மறதியில் சாப்பாட்டில் உப்பே போடாமல் விட்டுவிட்டாள், நான் குறை சொல்லாமல் தட்டைக் காலி செய்தேன். உடனே தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என்ன தப்பு பண்ணிட்டு வந்திருக்கீங்க என்று கேட்டாள். சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. அந்த மாஸ்டருக்கும் வீட்ல பொண்டாட்டி புள்ளைங்க இருப்பாங்கல்ல என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்கு அவள் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

அப்படியும் மறுநாள் நான் சொல்லவில்லை, நாற்காலியில்தான் போய் உட்கார்ந்தேன், அவ்வளவு கோழை உன் அப்பா. டீ நேரத்தில் ரேஞ்சர் பெண் ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்தாள். அந்த மாஸ்டர் எழுதியது. விசிலை நான் ஊதவில்லை, ஊதியது யார் என்றும் எனக்குத் தெரியாது, ஆனால் பிள்ளைகள் கயிற்றோரம் ஓடியது உண்மை, அவர்களைப் பிடித்து நிறுத்தாதது என் தவறு, தண்டனையை எனக்குக் கொடுங்கள், பிள்ளைகளை வரவிடுங்கள், முட்டைக்கு என்ன ஆயிற்று என்று தினமும் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார். படித்து முடித்ததும் பல் டாக்டரம்மா, எப்படிப் புளுகறான் பாருங்க என்றார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. பையிலிருந்து விசிலை எடுத்து டீ கிளாஸ்களுக்கு நடுவில் வைத்தேன். நான்தாம்மா ஊதினேன் என்றேன். ஏன் சார் அன்னைக்கே சொல்லல என்று கேட்டாள் ரேஞ்சர். நாற்காலி போயிடும்னு பயம் என்றேன். அறுபத்திரண்டு வயதில் வேறு என்ன சொல்ல, அதுதானே உண்மை. அவள் விசிலை எடுத்து மேஜை டிராயரில் போட்டாள். நான் அன்று எழுதிய தாளைத் தேடி எடுத்துக் காரணம் என்ற இடத்தை அடித்துவிட்டு என்னையே எழுதச் சொன்னாள். எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். இந்தப் பருவம் முடியறவரைக்கும் கயிறு வேண்டாம் சார், நாற்றங்காலுக்குப் போங்க, அந்த ஸ்கூலுக்கு நான் போன் பண்றேன், பசங்க வந்ததும் நீங்களே அவங்ககிட்ட சொல்லணும் என்றாள். ரைட் என்றேன். பல் டாக்டரம்மா இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அவரை அல்லவா நான் பொய்ச் சாட்சி ஆக்கிவிட்டேன். மூன்றாம் நாள் தன் பிளாஸ்க்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றினார், ஊற்றிக்கொண்டே, உங்க பின் பல்லு ரெண்டும் சொத்தை, நல்லா வலிக்கப் போகுது என்று சாபம் மாதிரி ஒன்று சொன்னார்.

இப்போது நான் இருப்பது நாற்றங்காலில். முன்பு ஹோட்டலில் சமையல் செய்தவர் ஒருவர் அங்கே பொறுப்பு, சேற்றைப் பிசைந்து பதம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கட்டியா இருக்கு, கொஞ்சம் தண்ணி விடுங்க, ஐயோ தளர்ந்து போச்சு என்று அடுப்படியில் நிற்பது போலவே பேசுவார். பையில் சேற்றை நிரப்பி அலையாத்தி விதையை ஊன்ற வேண்டும். விதை என்றால் விதை மாதிரி இருக்காது, முருங்கைக்காய் போல நீளமாக இருக்கும், எது தலை எது கால் என்று எனக்கு எப்படித் தெரியும், முதல் நாள் நூற்றுப் பத்துப் பையில் தலைகீழாக ஊன்றிவிட்டேன். அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திருப்பி ஊன்றினார், இடையிடையே வானத்தைப் பார்த்துக்கொண்டார். இப்போது பழகிவிட்டது. முதலில் ஊன்றியவற்றில் இரண்டு இரண்டு இலை விட்டிருக்கிறது, பளபளவென்று. வீட்டுக்கு வந்தால் நகத்துச் சேறு போவதில்லை, உன் அம்மா வாசலிலேயே சோப்பை வைத்திருக்கிறாள்.

இட்டதிலிருந்து இருபத்தாறாம் நாள் காலை முட்டை பொரித்தது. நான் பையில் சேறு நிரப்பிக்கொண்டிருந்தபோது பல் டாக்டரம்மா ஓடி வந்து சொன்னார், தூரத்திலிருந்தே இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு. பஞ்சுக்குக் கால் முளைத்த மாதிரி இரண்டு குஞ்சு, பொரித்து ஈரம் காயுமுன்னே ஓட ஆரம்பித்துவிட்டன. மூன்றாவது முட்டை அப்படியே கிடந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு ரேஞ்சர் அதை எடுத்துவிட்டாள். சில முட்டை தானாவே பொரிக்காது சார், உங்க பதினோரு நிமிஷம்தான் காரணம்னு சொல்ல முடியாது என்றாள். எனக்காகச் சொன்னாளோ, உண்மையிலேயே அப்படித்தானோ தெரியாது. என்னால்தான் என்றே நான் மனதில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். ஆபீஸ் முன்னால் நிழலில் நாற்பது பேரையும் உட்கார வைத்து, மாஸ்டரும் ஓரமாக நிற்க, என்னைப் பேசச் சொன்னார்கள். கூட்டத்தைப் பார்த்து எனக்கு என்றைக்குப் பயம் வந்திருக்கிறது, தீபாவளிக் கூட்டம் நிரம்பிய வண்டியில் முன்னும் பின்னும் நீந்தியவன், அன்று அந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பயந்தேன். விசில் ஊதினது நான், பழியை உங்க மாஸ்டர் மேல போக விட்டது நான், என்னை மன்னிச்சிடுங்க என்றேன். ஒரு பெண் குழந்தை எழுந்து, பெரியவங்க பொய் சொன்னா யாரு அடிப்பாங்க என்று கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா. என்னைவிடச் சின்னவர், நாற்பது வயது இருந்தால் அதிகம். எனக்கு அவர் நாலு வார்த்தை கொடுத்திருக்கலாம், அத்தனை பிள்ளைகள் முன்னால், நியாயம் அவர் பக்கம். உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பின்னால் போட்டு, நின்னுட்டே இருக்கீங்களே சார், உக்காருங்க என்றார். அவ்வளவுதான். பிறகு பிள்ளைகளை எழுப்பிக் குஞ்சு பார்க்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது உன்னைத்தான் நினைத்தேன். உனக்குப் பதினாலு வயது. என் வண்டியில் ஏறினாய், பாஸை வீட்டில் மறந்துவிட்டாய், அப்பா பாஸ் மறந்துட்டேம்ப்பா என்று என் காதருகே வந்து மெல்லச் சொன்னாய். என் கைக்காசில் ஒரு டிக்கெட் கிழித்து உன்னிடம் கொடுத்திருக்கலாம். வண்டி முழுக்கக் கேட்கும்படி, பாஸ் இல்லேன்னா இறங்கு, யாரா இருந்தாலும் ஒரே சட்டம்தான் என்று சொன்னேன். உன் கூடப் படிக்கும் பெண்கள் இருந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. நீ இறங்கினாய், நான் ரைட் கொடுத்தேன், வண்டி கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு படிப்பு முடியும்வரை நீ என் வண்டியில் ஏறவே இல்லை, அடுத்த வண்டிக்குக் காத்திருந்து போனாய், எனக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்தேன். நான் அதோடு விட்டேனா, அந்தக் கதையை டிப்போவில் சொன்னேன், சொந்தக்காரர்களிடம் சொன்னேன், உன் கல்யாணத்தில் சம்பந்தியிடம் சொன்னேன், சொந்தப் பெண்ணென்றும் பார்க்கவில்லை என்று மார்தட்டிக்கொண்டு. நீயும் பக்கத்தில் நின்று சிரித்தாய். நீ சிரித்ததால் உனக்கும் அது வேடிக்கைதான் என்று எடுத்துக்கொண்டேன். நேர்மை நேர்மை என்று நான் பீற்றிக்கொண்டது எல்லாம் மற்றவர்கள் நனையும்போதுதான் இருந்தது, என் நாற்காலி என்று வந்ததும் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. நீ செய்தது மறதி, நான் செய்தது பொய். உன்னை நான் இறக்கிவிட்டேன், என்னை அவர்கள் உட்கார வைத்தார்கள். தப்பு என்னுடையது மகளே. என்னை மன்னித்துவிடு.

குட்டிக்கு இதோடு வேறொரு படம் வைத்திருக்கிறேன், நாற்றங்காலில் சமையல்காரர் எடுத்தது, முழங்கை வரை சேறு, பின்னால் வரிசையாகப் பைகள். தாத்தா காவல் இருந்தார், ஒரு தப்புச் செய்தார், அதனால் இப்போது செடி நடுகிறார் என்று அப்படியே சொல்லட்டும், அவளுடைய டீச்சர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எழுது. வெட்கமாக இருந்தால் என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதுவும் சரிதான். மாப்பிள்ளையை வெறும் வயிற்றோடு வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல், அதையே உனக்கும் சொல்கிறேன். குளிரில் காதை மூடிக்கொள். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, நிறைந்த வாழ்வு வாழ வேண்டும், இது என் ஆசியும் உன் அம்மாவின் ஆசியும். மறக்காமல் இதற்கு மட்டும் பதில் போடு. அன்று உன்னை இறக்கிவிட்ட ஸ்டாப்பில் நிழற்குடைகூடக் கிடையாது. வண்டி போன பிறகு நீ என்ன செய்தாய், எப்படிப் பள்ளிக்கூடம் போனாய், யாராவது குடைக்குள் கூப்பிட்டார்களா, அன்று முழுக்க ஈர உடையோடா உட்கார்ந்திருந்தாய், எனக்கு எதுவும் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், சொல்லம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா